முட்டுக்கட்டை

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. செட்டிநாட்டில் ஊரைச் சொன்னால் வீட்டைக் கண்டுபிடித்து விடுவார்கள். வீட்டைக் கண்டுபிடித்தால் ஆச்சியைக் கண்டுபிடித்து விடுவார்கள். பத்திரிகையில் தம்மைப் பற்றி வந்திருக்கிறது என்று தெரிந்தால் ஆச்சிக்கு என் மேல் கோபம் வரும். எண்பது வயதில் அவருக்கு மிச்சமிருக்கும் சில உற்சாகங்களில் கோபமும் ஒன்று. அதை என் பொருட்டு அவர் செலவழிக்க வேண்டாம்.

அந்த வீட்டின் வண்டிக் கொட்டகையில் ஒரு பழைய பியட் கார் நின்று கொண்டிருந்தது. ஆச்சிக்குக் கல்யாணமான மறு வருஷம், 1960-களின் நடுவில், அவருடைய செட்டியார் வாங்கிய கார். செட்டியாரும் போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. காரின் மேல் கோழி ஏறி உட்கார்ந்திருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் பேரனுக்கு அதைச் செப்பனிட்டு ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. மதுரையில் பழைய மோட்டார்களுக்கு உயிர் கொடுக்கும் பட்டறை ஒன்று இருப்பதாக விசாரித்து வைத்திருந்தான். காரை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பிரச்னை. ஊர் வழியாக மதுரைக்குப் போக இருந்த நானும் அந்த யாத்திரையில் சேர்ந்து கொண்டேன்.

பேரன் ஒரு பிக்கப் வண்டியும், ஒரு டிரெய்லரும் ஏற்பாடு செய்திருந்தான். பிக்கப் முப்பது வருஷம் உழைத்தது. அதன் சொந்தக்காரரே டிரைவர்; எழுபது வயதுப் பெரியவர். இருவரும் ஒரே மாதிரி இருமினார்கள். டிரெய்லர் இரவல் சரக்கு. ஒரே அச்சு, இரண்டு சக்கரம், பிரேக் கிடையாது.

கொட்டகையில் கார் மூக்கை உள்ளே விட்டு நின்றது. ஆகையால் பின்னோக்கித்தான் அதைத் தள்ளி வெளியே கொண்டுவர முடிந்தது. வாசலில் டிரெய்லரை நிறுத்தி, சாய்வுப் பலகை போட்டு, வந்த வாக்கிலேயே பின்பக்கமாக மேலே ஏற்றிவிட்டோம். எட்டுப் பேர் தள்ளினோம். நானும் தள்ளினேன் என்று சொல்லிக் கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

பெரியவர் டிரெய்லரை ஒரு முறை சுற்றி வந்தார். முன்னால் நீண்டிருந்த கம்பைத் தூக்கிப் பார்த்தார். அது லேசாக, மிக லேசாக, அவர் கையோடு வந்தது.

"தம்பி, பின்பாரமா இருக்கு. இஞ்சின் பின்னாலே தொங்குது. காரை எறக்கித் திருப்பி ஏத்துங்க" என்றார்.

"எங்கே அண்ணே திருப்புறது? இந்தச் சந்திலே எடம் ஏது?" என்றான் பேரன். "உங்க வண்டி நல்லா இழுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இழுக்கும் தம்பி. இழுக்கிறது இல்லே பேச்சு."

பேச்சு எது என்று நாங்கள் கேட்கவில்லை. வெயில் ஏறிக் கொண்டிருந்தது. புறப்பட்டுவிட்டோம்.

திருப்பத்தூர் சாலையில் முதல் அரை மணி நேரம் சுகமான பிரயாணம். பெரியவர் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. பேரனோ கைபேசியில் மணியைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தான். "கொஞ்சம் அமுத்துங்க அண்ணே" என்றான். இரண்டு தரம் சொன்னான். மூன்றாம் தரம் நானும் சேர்ந்து சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு கண்மாய்க் கரையிலிருந்து சாலை இறங்குகிறது. வேகம் அறுபதைத் தொட்டிருக்கும். பின்னாலிருந்து யாரோ வண்டியின் இடுப்பைப் பிடித்து ஆட்டுவது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். டிரெய்லர் இடப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் வந்தது, மறுபடி இடப்பக்கம், முன்னைவிட அதிகமாக. நாய் வாலை ஆட்டுவதைப் பார்த்திருக்கிறோம். வால் நாயை ஆட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எதிரே ஒரு பஸ் வந்து கொண்டிருந்தது.

"பிரேக்! பிரேக் போடுங்க!" என்று பேரன் கத்தினான்.

பெரியவர் பிரேக்கைத் தொடவே இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்தார், எதிர்த்துத் திருப்பவில்லை. பல்லைக் கடித்துக் கொண்டு காத்திருந்தார். பஸ் எங்களைக் கடந்தபோது டிரெய்லரின் வால் அதற்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. பஸ் ஜன்னலில் ஒரு சிறு பெண் முகத்தைச் சாய்த்துத் தூங்கிக் கொண்டிருந்தாள். வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்தது. சாலையோரப் புளியமரத்தடியில் வண்டி நின்றது.

பெரியவர் இறங்கியதும் முதலில் செய்த காரியம், இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு மரக்கட்டைகளை எடுத்துச் சக்கரத்துக்குக் கீழே கொடுத்ததுதான். அப்புறம்தான் பீடி பற்ற வைத்தார். கை நடுங்கியது.

"பிரேக் போட்டிருந்தா, முன்வண்டி நிக்கும், பின்வண்டி நிக்காது. அது நம்மளைப் பக்கவாட்டிலே தள்ளிக்கிட்டுப் போயிருக்கும்" என்றார்.

அவருடைய தகப்பனார் பார வண்டி ஓட்டியவராம். அந்த மரத்தடியில் நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். அங்கே கேட்டதையும், ஊர் திரும்பிப் படித்துத் தெரிந்து கொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மாட்டு வண்டிக்காரனுக்கு முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொற்கள் உண்டு. இரண்டு சக்கர வண்டி ஒரு தராசு. அச்சுதான் அதன் நடு முள். பாரம் அச்சுக்கு முன்னால் அதிகமாகிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். மாடு நாலு மைல் போவதற்குள் நுரை தள்ளும். பின்னால் அதிகமாகிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பும்; பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஏற்றத்தில் ஏறும்போது மூட்டையெல்லாம் தன் பாரத்தைப் பின்னுக்குக் கொடுக்கிறது. வண்டிக்காரன் ஏர்க்கால் பக்கமாக நகர்ந்து முன்னால் உட்காருவான். இறக்கத்தில் பின்னுக்கு நகர்வான். தூங்கிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவன்கூடத் தூக்கத்திலேயே இந்தக் காரியத்தைச் செய்வான். நல்ல பாரம் என்பது நுகத்தடி மாட்டின் கழுத்தில் சற்றே உட்கார்ந்திருக்கும் பாரம்.

இன்றைக்கு மோட்டார் இஞ்சினியர்கள் டிரெய்லருக்குச் சொல்லும் கணக்கும் இதுதான். டிரெய்லரும் அதன் மேலுள்ள சுமையும் சேர்ந்த மொத்த எடையில் நூற்றுக்குப் 10 முதல் 15 பங்கு, இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் இறங்க வேண்டும். எங்கள் காரும் டிரெய்லரும் சேர்ந்து 1,500 கிலோ என்று வைத்துக்கொண்டால், கொக்கியில் 150 முதல் 225 கிலோ வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். பெரியவர் ஒற்றைக் கையால் கம்பைத் தூக்கினாரே, அந்த ஒரு வினாடியிலேயே இந்தக் கணக்கு முழுவதும் முடிந்துவிட்டது. நாங்கள்தான் விடையைக் கேட்கவில்லை.

வண்டியைப் பற்றிய இந்தக் கவலை நம்மவர்களுக்குப் புதிதல்ல. மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லி வைத்திருக்கிறார். புறநானூற்றில் ஒளவையார் அதியமானின் மகனைப் புகழும் பாட்டு ஒன்று உண்டு. உப்பு வணிகர்களான உமணர்கள் நெடுவழி போகும்போது, மேடு வருமோ பள்ளம் வருமோ என்று அஞ்சி, வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டி எடுத்துப் போவார்கள்; ஆபத்துக் காலத்துக்கென்று வைத்த அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்கிறார். அரசனைச் சிங்கம் என்றும் இமயம் என்றும் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வண்டிக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் தொங்கும் ஒரு மரத்துக்கு ஒப்பிட ஒளவைக்குத்தான் தைரியம் இருந்தது. நெடுவழியில் ஒரு ராத்திரியாவது அச்சு முறிந்து நின்றவர்களுக்குத்தான் அந்தப் புகழ்ச்சியின் கனம் தெரியும்.

நகரத்தார்களும் ஒரு காலத்தில் உப்பு வாணிகம் செய்தவர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பிற்பாடு வட்டித் தொழிலுக்கு வந்து, இலங்கை, பர்மா, மலாயா என்று கடல் தாண்டி, சம்பாதித்ததைக் கொண்டுவந்து இந்த வறண்ட மண்ணில் அரண்மனைகளாகக் கட்டினார்கள். அந்த வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களைத் தட்டிப் பார்க்கிறார்கள். இத்தாலியச் சலவைக் கல்லின் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்க்கிறார்கள். இவை ரங்கூனிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கப்பலில் வந்தன என்று கேட்டு வியக்கிறார்கள். கப்பல் கடற்கரையோடு நின்றுவிடுமே, அப்புறம் எப்படி வந்தன என்று யாரும் கேட்பதில்லை.

கானாடுகாத்தான் அரண்மனை 1912-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குப் போகும் ரயில் பாதை வந்தது 1930-ஐ ஒட்டித்தான். அதற்கு முன்னால் மானாமதுரை வரைக்கும் ரயிலில் கொண்டுவந்து இறக்கினாலும், அங்கிருந்து காரைக்குடி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். செட்டிநாட்டின் பழைய வீடுகளில் பெரும் பகுதி மாட்டுக் கழுத்தின் மேல் வந்து சேர்ந்தவை என்றால் அது அதிகப்படி ஆகாது. ஒரு தூண் உருண்டால் ஓர் ஆளின் கால் போய்விடும். ஒரு கடையாணி கழன்றால் குடும்பமே போய்விடும். அந்த வண்டிகள் பத்திரமாக வந்ததற்கு எந்தக் கல்வெட்டும் கிடையாது. வராமல் போன வண்டிகளுக்கும் கிடையாது.

பிறகு மோட்டார் வந்தது. 1912-ஐ ஒட்டிப் பஸ் தொழிலில் இறங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்துச் சாலைகளில் மாட்டு லாடத்திலிருந்தும் குதிரை லாடத்திலிருந்தும் விழுந்த ஆணிகள் இறைந்து கிடக்குமாம். பஸ்ஸின் டயர் நாலடிக்கு ஒரு தரம் பஞ்சர் ஆகும். அவர் ஒரு வண்டியில் பெரிய காந்தத்தைக் கட்டி, பஸ் புறப்படும் முன் சாலை நெடுக ஓட்டி ஆணிகளைப் பொறுக்கிவிடச் செய்தாராம். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரியை எரித்து அந்த வாயுவில் பஸ் ஓட்டும் 'காஸ் பிளான்ட்'டை அவருடைய கம்பெனி செய்து கொடுத்தது. பஸ்ஸின் முதுகில் ஒரு தகர டிரம் தொங்கும். கண்டக்டர் டிக்கெட் கிழித்த நேரம் போக மிச்ச நேரம் கரி கிளறுவார்.

எனக்கு இதில் சுவையாகத் தோன்றும் விஷயம் இனிமேல்தான் வருகிறது. 1962-ல் அந்தக் குடும்பத்தார் அன்னியக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து சென்னைப் பக்கத்தில் தொழிற்சாலைகளைத் தொடங்கினார்கள். சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா ஆகிய இரண்டும் அந்த ஆண்டில் பிறந்தவை. இரண்டிலும் செய்தது பிரேக். அரை நூற்றாண்டு காலம் வண்டியை ஓட்டிப் பிழைத்தவர்கள், கடைசியில் வண்டியை நிறுத்துவதற்கு வழி செய்யப் போனார்கள். ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் நிறுத்துவதன் அருமை தெரியும் போலிருக்கிறது.

வேகம் இரண்டு மடங்கானால், அதை நிறுத்த அழிக்க வேண்டிய சக்தி நாலு மடங்காகும். இது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். முப்பதில் போனபோது பெரியவரின் பிரேக்குக்கு இருந்த வேலை, நாங்கள் அவசரப்படுத்தி அறுபதுக்குக் கொண்டு போனபோது நாலு பங்கு ஆயிற்று. அதோடு பின்னால் பிரேக் இல்லாத ஒன்றரை டன் வேறு. இஞ்சின் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இஞ்சினுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும்.

இந்தப் பாடத்தை மேல்நாட்டார் மிகப் பெரிய விலை கொடுத்து வாங்கினார்கள். 1889-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி, அயர்லாந்தில் அர்மா என்ற ஊரிலிருந்து ஞாயிறு பள்ளிக் குழந்தைகளை உல்லாசப் பயணம் ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் கடற்கரைக்குப் புறப்பட்டது. மேட்டில் ஏற முடியாமல் இஞ்சின் நின்றுவிட்டது. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோய் விட்டு வருவது என்று தீர்மானித்தார்கள். பின்பாதியைப் பிடித்து நிறுத்தக் கடைசி வண்டியின் கைப்பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் கொடுத்த சில கற்களும்தான் இருந்தன. முன்பாதி புறப்படும்போது சற்றே பின்னுக்கு நகர்ந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பெட்டிகள் சரிவில் ஓட ஆரம்பித்தன. கீழே இன்னொரு ரயில் வந்து கொண்டிருந்தது. எண்பது பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள்.

அதற்கு இருபது வருஷம் முன்பே, 1869-ல், அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் காற்றழுத்த பிரேக்கைக் கண்டுபிடித்திருந்தார். அதை அவரே பிற்பாடு திருத்தி அமைத்த விதம் விசித்திரமானது. குழாயில் காற்று அழுத்தமாக இருக்கும் வரையில் பிரேக் விட்டுக் கொடுக்கும். காற்று போய்விட்டால் பிரேக் தானே பிடித்துக் கொள்ளும். பெட்டி கழன்றுவிட்டால் குழாய் அறும், காற்று போகும், கழன்ற பெட்டி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். மனிதன் தவறு செய்வான் என்பதை முன்கூட்டியே நினைத்து வைத்த இயந்திரம் அது. அர்மா விபத்து நடந்த அதே ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் போட்டு, பிரயாணிகள் ரயிலில் எல்லாப் பெட்டிகளுக்கும் இப்படித் தானே பிடிக்கும் பிரேக் வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நல்ல டிரெய்லர்களில், கொக்கி கழன்றால் இழுபட்டுப் பிரேக்கைப் பிடித்துவிடும் ஒரு கம்பி இருக்கிறதே, அது வெஸ்டிங்ஹவுஸின் யோசனைக்குப் பேரன் முறை.

அர்மாவில் சக்கரத்துக்கு அடியில் கொடுத்த கற்களைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தேர்த் திருவிழா நினைவு வந்தது. தேர் இழுக்கும்போது எல்லோரும் வடத்தைப் பார்ப்பார்கள், அலங்காரத்தைப் பார்ப்பார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே ஓடும் ஆட்களைப் பார்ப்பவர்கள் குறைவு. அவர்கள் கையில் ஆப்பு வடிவத்தில் செதுக்கிய முட்டுக்கட்டை இருக்கும். தேர் ஒரு பக்கம் திரும்ப வேண்டுமா, அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள். வேகம் அதிகமானால் கட்டை கொடுப்பார்கள். நிற்க வேண்டுமானாலும் கட்டைதான். ஆயிரம் பேர் இழுக்கிறார்கள். நாலு பேர் நிறுத்துகிறார்கள். அந்த நாலு பேரின் கையும் காலும் எந்த வினாடியிலும் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன.

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்பார்கள். 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்ற அந்தத் தேர் 1970-ல் மறுபடியும் ஓடியது. திருச்சி பெல் தொழிற்சாலைக்காரர்கள் அதற்கு இரும்பு அச்சும், எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தார்கள். இன்று பக்தர்கள் வடம் பிடிக்க, பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. ஆனாலும் முட்டுக்கட்டைக்காரர்கள் இல்லாமல் தேர் புறப்படுவதில்லை. பெல் இஞ்சினியர்களுக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட முட்டுக்கட்டையை நம் பாஷையில் என்ன செய்து வைத்திருக்கிறோம் பாருங்கள்! ஒரு நல்ல காரியத்தைக் கெடுப்பவனை, "முட்டுக்கட்டை போடுகிறான்" என்கிறோம். பத்திரிகைத் தலையங்கங்களில் இந்தச் சொல் வராத வாரம் இல்லை. நானே என் நாவல்களில் வில்லன்களுக்கு இதைத் தாராளமாக வழங்கியிருக்கிறேன். இழுக்கிறவனுக்குப் புகழ், நிறுத்துகிறவனுக்கு வசவு! அந்தப் புளியமரத்தடியில் சக்கரத்துக்குக் கீழே கிடந்த இரண்டு கட்டைகளைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் வசவுக்குக் காரணமான முட்டுக்கட்டையும் இல்லாமல் போகவில்லை. அதற்கும் தூரம் போக வேண்டியதில்லை. தேவகோட்டைக்கு அருகில் கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேர் இருக்கிறது. ஆனி மாதத் திருவிழாவில் அந்தத் தேரின் வடத்தை யார் தொடலாம் என்பதில் தகராறு. தாழ்த்தப்பட்ட மக்கள் தங்களுக்கும் வடம் பிடிக்க உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். 1998-லிருந்து விவகாரம் முற்றி, நீதிமன்றத்துக்குப் போயிற்று. சில வருஷம் போலீஸ் காவலோடு ஓடியது. பல வருஷம் ஓடாமலே நின்றது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024 ஜூனில் மறுபடியும் ஓடியது. அந்த நெடிய வருஷங்களில் மனிதர்களின் மனம்தான் அதன் கீழே கட்டையாகக் கிடந்தது.

இரண்டு கட்டைக்கும் வித்தியாசம் இருக்கிறது. தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவன் தன் கையை ஆபத்தில் வைத்து மற்றவர்களைக் காப்பாற்றுகிறான். வடத்தைத் தொடாதே என்பவன் தன் கைக்கு எந்த ஆபத்தும் இல்லாமல் மற்றவன் கையைத் தடுக்கிறான். பாஷைதான் பாவம், இருவருக்கும் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டது.

நான் எங்கேயோ போய்விட்டேன். எங்கள் கார் இன்னும் புளியமரத்தடியிலேயே நிற்கிறது.

பீடி முடிந்ததும் பெரியவர் எழுந்தார். அங்கே இடம் தாராளமாக இருந்தது. வழியில் போன இளைஞர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, காரை இறக்கி, திருப்பி, மூக்கு முன்னால் இருக்கும்படி ஏற்றினோம். அவர் மறுபடியும் கம்பைத் தூக்கிப் பார்த்தார். இந்த முறை இரண்டு கையாலும் முக்க வேண்டியிருந்தது. தலையை ஆட்டினார். கொக்கியை மாட்டினார். இரண்டு சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொக்கியின் அடியில் கட்டினார். கொக்கி விட்டுப்போனால் கம்பு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழ வேண்டுமாம். டிரெய்லர் சக்கரங்களின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பேரிங் காய்ந்திருந்தால் அங்கே சுடும். சக்கரத்து நட்டுகளை மீண்டும் முடுக்கினார். புதிதாக மாட்டிய சக்கரம் சிறிது தூரம் ஓடியதும் நட்டு இளகும் என்றார். கடைசியாகத் தம் பிக்கப்பின் பின்சட்டத்தில் கொக்கி பிடித்திருந்த இடத்துக்கு வந்து, குனிந்து, துருவை நகத்தால் சுரண்டினார். அங்கே நெடுநேரம் நின்றார்.

"தம்பி, நான் மதுரைக்கு வரல்லே" என்றார்.

பேரன் திடுக்கிட்டான். "இப்பத்தான் எல்லாம் சரியாயிடுச்சே அண்ணே?"

"பாரம் சரியாயிடுச்சு. வண்டி சரியாகல்லே. என் பிரேக்கு எனக்குத் தெரியும். சும்மா வந்தா நிக்கும். இத்தனையைக் கட்டிக்கிட்டு மேலூர் தாண்டிக் கூட்டத்துக்குள்ளே போனா நிக்குமான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை ஓட்டக் கூடாது."

"கூலி கூடத் தர்றேன்."

"கூலிக்கா சொல்றேன்?" என்றார் பெரியவர். குரலில் கோபம் இல்லை. "அந்தப் பஸ்ஸிலே ஒரு புள்ளே தூங்கிக்கிட்டு வந்துச்சே, பாத்தீங்களா?"

நான் மட்டும்தான் அவளைப் பார்த்தேன் என்று நினைத்திருந்தேன்.

முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குள், பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் திட்ட, ஆச்சி வீட்டுக்கே திரும்பினோம். இறக்கம் வரும் முன்பே பெரியவர் கியரைக் குறைத்துக்கொண்டார். முன்னால் போன பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தெருவே வைக்கலாம் போல இடம் விட்டார். அந்த இடத்தில் புகுந்து முன்னேறிய மோட்டார் சைக்கிள்காரர்கள் எங்களைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வாசலில் ஆச்சி நின்றிருந்தார். காரைத் திரும்பக் கொண்டுவந்ததற்குப் பேரனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். வேகமாகப் போகச் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னான். அதற்கு அவனைப் பாராட்ட வேண்டும், நான் என் பங்கைச் சொல்லவில்லை.

ஆச்சி பெரியவரைப் பார்த்தார். "எங்க செட்டியாரும் இப்படித்தான். வேணாம்னு பட்டுச்சின்னா வாசல்லேயே எறங்கிடுவாக" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "இவகளுக்கு எலை போடு" என்று குரல் கொடுத்தார்.

அடுத்த வாரம், மேலே ஏற்றிக்கொண்டு போகும் சமதளப் படுகை உள்ள லாரி ஒன்றில் கார் மதுரைக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பேரன் எனக்குத் தகவல் சொன்னான். நான் அப்போது ஒரு நாவலின் நடுவில் இருந்தேன். அதில் கதாநாயகனின் முயற்சிக்கெல்லாம் அவனுடைய மாமா முட்டுக்கட்டை போடுகிறார் என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, மாமா எதற்காகத் தடுக்கிறார் என்று யோசிக்க ஆரம்பித்தேன். இன்னும் யோசித்துக் கொண்டிருக்கிறேன். நாவல் அந்த இடத்தில்தான் நிற்கிறது.